கத்திக்கு முன் மருந்து

கிளிநொச்சியில் பந்தடித்துத் திரியும் சிறுவனொருவனின் முழங்காலருகே, இரவில் உறக்கங்கெடுக்கும் நோவும் வற்றாத வீக்கமும் தோன்றினால், விழுந்த அடியென்றெண்ணி எண்ணெய் பூசிக் காலங்கடத்தாது எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதே விவேகம். அது என்புப் புற்றாகவும் இருக்கக்கூடும்.

முன்னாளில், காலையே அகற்றியும், நுரையீரலுக்குப் பரவிய நோய் ஐவரில் நால்வரை மாய்த்தது. 1970களில் நியூயோர்க் வைத்தியர்கள், அகற்றும் என்புக்குப் பதிலாக நோயாளிக்கென உலோக என்பு தயாராகும்வரை வாளாவிராது மருந்தேற்றினர். சத்திரசிகிச்சைக்கு முன்பே கட்டி மடியக் கண்டனர்.

இன்று மெதோட்ரெக்சேட், டொக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகியவற்றைச் சுமார் 10 வாரம் ஏற்றியபின், இயன்றவரை அவயவத்தைக் காத்துக் கட்டியை அகற்றுவர்; அதில் 90 சதவீதத்துக்குமேல் மடிந்திருப்பின் அது சுபசூசகம்.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, சிகிச்சைக்கென மகரகம வைத்தியசாலைவரை அலைந்த வன்னி நோயாளர் பலருக்கு வழியைக் குறுக்கியது.