மயிர்க்கொட்டிக்குள் சிறகைக் கண்டவர்

ஒல்லாந்த உடற்கூற்று அறிஞர் யான் சுவாமர்டாமின் வாழ்வும் பணியும்

"இதைப் படிப்பதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" ஆசிரியத் தொழிலில் இருப்போர் பெற்றோரிடமிருந்து பலமுறை கேட்கும் வினா இது. கேட்பவர்மேற் குறை கூறுவதற்கில்லை. பிள்ளையின் வருங்காலத்தை எண்ணிக் கவலையுறுவது பெற்றோருக்கு இயல்பு. ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரடாம் நகரிலும் ஒரு தந்தை தம் மகனை நோக்கி இவ்வினாவையே எழுப்பினார். அம்மகன் செய்த வேலை முழுமையாக அச்சேறி உலகின் கைக்கு வந்தபோது, வினாவிய தந்தையும் உயிரோடில்லை, மகனும் உயிரோடில்லை. அந்த மகனே உடற்கூற்று அறிஞர் யான் சுவாமர்டாம்.

இவருடைய திருமுகம் எத்தகையது என்பதை இன்று நாம் அறியோம். பல நூல்களில் இவர் படமென்று அச்சிடப்பெற்றிருக்கும் முகம் இவருடையதன்று. ஓவியர் றெம்பிரான்ட் 1632ஆம் ஆண்டில் வரைந்த புகழ்பெற்ற உடற்கூற்றுப் பாட ஓவியத்தில் நிற்கும் வேறொருவரின் முகத்தைப் பார்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட படம் அது. றெம்பிரான்ட் அவ்வோவியத்தைத் தீட்டியபோது சுவாமர்டாம் பிறந்திருக்கவுமில்லை. பேனையும் தேனீயையும் ஒரு மயிரிழையும் பிசகாது வரைந்து வைத்தவர், தம் உருவத்தை மட்டும் நமக்கு விட்டுச் செல்லவில்லை.

தந்தையின் அரும்பொருட்சாலை

சுவாமர்டாம் 1637ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆந் திகதி அம்ஸ்ரடாமிற் பிறந்தார். தந்தையார் மருந்து வாணிகர். நகரின் துறைமுகத்துக்கு அண்மையிலே அவர்கள் வாழ்ந்தனர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் உலகின் நாலா திக்குகளிலிருந்தும் பண்டங்களைக் கொணர்ந்து குவித்த காலம் அது. மருந்து வாணிகரும் தம் வீட்டில் நாணயங்கள், கனிப்பொருள்கள், சிப்பிகள், விலங்குகள், பூச்சிகள் முதலியவற்றைத் திரட்டி ஓர் அரும்பொருட்சாலையை உண்டாக்கி வைத்திருந்தார். அவற்றைத் துடைத்து ஒழுங்குபடுத்தும் வேலை சிறுவன் யானுக்கு வாய்த்தது. ஆகவே, மகனுக்குப் பூச்சிகளின்மேற் பித்துப் பிடிக்கக் காரணமாயிருந்தவர் தந்தையே எனலாம்.

சுவாமர்டாம் தவளையின் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அதில் மிதந்த நீள்வட்டமான சிறுதுணிக்கைகளைக் கண்டது 1658ஆம் ஆண்டில் என்பர். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான ஆண்டும் அதுவே. ஒரு நாட்டினர் கடல் கடந்து கோட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், அந்நாட்டு இளைஞர் ஒருவர் ஒரு துளிக் குருதிக்குள் எவரும் காணாத ஓர் உலகைக் கண்டார். இன்று நாம் செங்குருதிச் சிறுதுணிக்கை என்று வழங்கும் பொருளை முதன்முதலில் நோக்கியவர்களுள் அவர் ஒருவர்.

லெய்டன் சர்வகலாசாலையில்

1661ஆம் ஆண்டில் மருத்துவம் பயிலும் பொருட்டு லெய்டன் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். வான் ஹோர்ன், சில்வியஸ் என்னும் பேராசிரியர்கள் அங்கு கற்பித்தனர். நீல்ஸ் ஸ்ரென்சன், றெய்னியர் த கிராவ், பிரடரிக் றோய்ஷ் ஆகியோர் அவருடைய மாணவத் தோழர்கள். பின்னாளில் உடற்கூற்று நூலின் வரலாற்றில் இடம்பெற்ற இத்தனை பெயர்கள் ஒரே காலத்தில் ஒரே கலாசாலையிற் கூடியமை வியப்புக்குரியது. 1667ஆம் ஆண்டில், சுவாசத்தைப் பற்றிய ஆராய்ச்சியைச் சமர்ப்பித்து அவர் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்துவிட்டது; இனி மகன் நோயாளரைப் பார்த்துப் பொருளீட்டுவான் எனத் தந்தை எதிர்பார்த்தார். மகனோ பூச்சிகளை வெட்டிச் சோதிப்பதில் ஆழ்ந்தார்.

பெரியோர் உரைத்த பிழை

அக்காலத்தில் அறிவுடையோர் பூச்சியை எவ்வாறு கருதினர் என்பதை அறிந்தாலன்றி அவருடைய உழைப்பின் பெருமை விளங்காது. பூச்சிகளுக்கு உள்ளுறுப்புகள் இல்லை. அவை அழுகலிலும் சேற்றிலும் தாமாகவே தோன்றுகின்றன. மயிர்க்கொட்டி அழிந்து, அதன் சடத்திலிருந்து வண்ணத்துப்பூச்சி புதிதாய் உருவெடுக்கிறது. இவை அரிஸ்டோட்டில் காலந்தொட்டு வந்த கருத்துகள். குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த பேரறிஞரான ஹாவிகூட, பூச்சியின் உருமாற்றம் ஒரு பொருள் திடீரென வேறொரு பொருளாவது போன்றதென்றே எண்ணினார்.

சுவாமர்டாம் இதனைச் சொல்லால் மறுக்கவில்லை, கையாற் காட்டினார். பின்னர் தொஸ்கானா நாட்டின் அதிபதியான கோசிமோ த மெடிச்சி, 1668ஆம் ஆண்டில் இளவரசராக அம்ஸ்ரடாமுக்கு வந்திருந்தார். அவர் முன்னிலையில் சுவாமர்டாம், கூடு கட்டும் பருவத்தை அடைந்த மயிர்க்கொட்டி ஒன்றை எடுத்து, அதன் தோலை மெல்ல நீக்கினார். உள்ளே வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளும் கால்களும் உணர்கொம்புகளும் மடிந்து சுருண்டு கிடந்தன. ஓர் உயிர் இறந்து மற்றோர் உயிர் பிறக்கவில்லை. ஒரே உயிரே வளர்ந்து வருகின்றது என்பதைக் கண்டோர் உணர்ந்தனர். இளவரசர் 12,000 கில்டர் தருவதாகவும், சேகரிப்புடன் தம் அரண்மனைக்கு வந்துவிடுமாறும் கேட்டாரென அவர் வரலாற்றை எழுதிய பூர்ஹாவ கூறுகிறார். சுவாமர்டாம் அதற்கு இணங்கவில்லை. அரண்மனை வாழ்வு தமக்கு ஒவ்வாது என்று அவர் எண்ணினார்.

அடுத்த ஆண்டில், அதாவது 1669இல், பூச்சிகளைப் பற்றிய அவருடைய பொதுநூல் ஒல்லாந்த மொழியில் வெளிவந்தது. பூச்சிகளை அவை வளரும் முறைகொண்டு நான்கு வகுப்புகளாக அவர் அந்நூலிற் பிரித்தார்.

நண்பகல் வரை

அவர் வேலை செய்த முறையைப் பூர்ஹாவ விரிவாக எழுதியுள்ளார். பித்தளையாலான சிறு மேசை. அதில் இரு கைகள். ஒரு கை பொருளைத் தாங்கும், மற்றது வில்லையைத் தாங்கும். கத்தரிக்கோல்களும் கத்திகளும் மிக நுண்ணியவை; அவற்றைத் தீட்டுவதற்கே உருப்பெருக்கும் வில்லை வேண்டியிருந்ததாம். கண்ணாடியை உருக்கி மயிர்போல் இழுத்துச் செய்த குழாய்களினூடே காற்றை ஊதியும் நிறநீரைச் செலுத்தியும் பூச்சியின் நுண்குழாய்களைப் புலப்படச் செய்தார்.

வெளிச்சத்துக்குச் சூரியனே துணை. கோடையில் காலை முதலே வெயிலில் வெறுந்தலையோடு, வேர்வை வழிய, அமர்ந்து வேலை செய்வார். நண்பகலில் நிறுத்திவிடுவார், அதன்மேல் வெளிச்சம் குறைந்ததனாலன்று, கண்கள் தளர்ந்துவிடுவதனாலே. பகலிற் கண்டவற்றை இரவில் எழுதுவார், வரைவார்.

இவ்வாறு தேனீயை ஆராய்ந்தபோது மற்றொரு பழங்கருத்தும் வீழ்ந்தது. கூட்டை ஆள்வது "அரசன்" என்றே முன்னோர் பலர் எழுதியிருந்தனர். சுவாமர்டாம் அந்த அரசனை வெட்டிப் பார்த்தார்; உள்ளே முட்டைகள் நிறைந்த சூலகம் இருந்தது. அரசன் உண்மையில் அந்தக் கூட்டுக்கே தாய்! சோம்பேறிகள் எனப்பட்ட பெருந்தேனீக்களே ஆண்கள் என்பதையும் உறுப்புகளைக் கொண்டு நிறுவினார்.

தவளைத் தசையும் ஒரு துளி நீரும்

நம் தசைகள் சுருங்குவது எங்ஙனம்? மூளையிலிருந்து ஒருவகை ஆவி நரம்புகளின் வழியே பாய்ந்து தசையைப் பருக்கச் செய்கிறது என்று தேக்காட்டு முதலிய தத்துவ அறிஞர்கள் கூறினர். இதனைச் சோதிக்கச் சுவாமர்டாம் எளிய உபாயமொன்றை வகுத்தார். தவளையின் தொடைத் தசையை நரம்புடன் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயினுள் அடைத்தார். குழாயின் ஒடுங்கிய நுனியில் ஒரு துளி நீர். ஆவி புகுந்து தசை பருக்குமாயின், உள்ளிருக்கும் காற்று நெருக்குண்டு நீர்த்துளி மேலே ஏறல் வேண்டும். நரம்பைத் தூண்டினார், தசை சுருங்கியது, துளி ஏறவில்லை. சில வேளைகளிற் சற்றே இறங்கவும் செய்தது. தசை தன் வடிவத்தை மாற்றுகிறதேயன்றி, கன அளவிற் பெருகவில்லை என்பது தெளிவாயிற்று. பல்லாண்டுக் காலத் தத்துவத்தை ஒரு துளி நீர் அசைத்துவிட்டது.

மனத்துள் எழுந்த போர்

இத்தகைய மனிதர் குறையற்றவராய் வாழ்ந்தாரென எண்ணலாகாது. சூலகத்தைப் பற்றிய கண்டுபிடிப்பில் முதன்மை யாருக்கு என்பதையிட்டு, 1672ஆம் ஆண்டளவில் அவருக்கும் பழைய தோழர் த கிராவுக்கும் கடும் பிணக்கு மூண்டது. அடுத்த ஆண்டிலேயே த கிராவ் முப்பத்திரண்டாம் வயதில் இறந்துபோனார். ஆராய்ச்சியிலும் தவறுகள் நேர்ந்தன. ஆண் தேனீயின் மணமே தாய்த் தேனீயைக் கருவுறச் செய்கிறது என அவர் கருதினார், இது பிழை.

வீட்டிலோ அமைதியில்லை. வருமானமில்லாத மகனுக்கு இனிப் பணம் தரமாட்டேன் என்று தந்தை கண்டித்தார். உடல்நலமும் குன்றியது. இவற்றினும் பெரிய ஐயமொன்று அவர் உள்ளத்தை அரித்தது. நான் இவற்றையெல்லாம் ஆராய்வது படைத்தவனை அறிவதற்கா, அன்றி என் புகழை வளர்ப்பதற்கா? அந்துவானெத் பூரிஞோன் என்ற சமய அம்மையாரின் எழுத்துகளைப் படித்து, அவரிடம் ஆறுதல் நாடினார். ஆற்றின் களிமண்ணில் நெடுங்காலம் புழுவாய் வாழ்ந்து, சிறகு முளைத்த சில மணி நேரத்தில் மடியும் ஒருநாட்பூச்சியைப் பற்றிய நூலை, அம்மையாரின் இசைவு பெற்றே 1675இல் வெளியிட்டார். பட்டுப்புழுவைப் பற்றித் தாம் எழுதியதைத் தாமே கிழித்தெறிந்தார். படங்களை மட்டும் இத்தாலிய அறிஞர் மல்பீகிக்கு அனுப்பிவைத்தார். பின்னர் அம்மையார் தங்கியிருந்த செல்ஸ்விக் நகருக்கே போய்ச் சேர்ந்தார்.

ஓராண்டு முடியுமுன் 1676இல் அவர் திரும்பிவந்தார். கத்தரிக்கோலை மீண்டும் கையில் எடுத்தார். பக்தியும் ஆராய்ச்சியும் பகையல்ல என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார் எனக் கொள்ளலாம். 1678இல் நண்பர் தெவனோவுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பேனின் உடலமைப்பில் இறைவனின் கைவண்ணத்தைக் காண்பதாகக் குறிப்பிட்டார்.

ஐம்பத்தேழு ஆண்டுகள்

அதே ஆண்டிலே தந்தையார் காலமானார். சொத்துத் தொடர்பாகச் சகோதரியுடன் மனத்தாங்கல் ஏற்பட்டது. சேகரிப்பை விற்க முயன்றார். தக்க வாங்குவார் கிடைக்கவில்லை. காய்ச்சலால் மெலிந்து, 1680ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி, நாற்பத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார். கையெழுத்துப் படிகளையும் படங்களையும் பாரிசில் வாழ்ந்த தெவனோவுக்கு எழுதிவைத்திருந்தார். ஆனால் அவை ஒல்லாந்தில் வேறொருவர் கையில் இருந்தபடியால், வழக்காடியே தெவனோ அவற்றைப் பெற வேண்டியதாயிற்று. தெவனோவும் அவற்றை அச்சேற்றாமலே இறந்தார். படிகள் கைமாறிக் கைமாறிப் பிரான்சு நாட்டில் உறங்கின.

லெய்டன் சர்வகலாசாலையின் பெரும் வைத்திய ஆசான் பூர்ஹாவ அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, 1727ஆம் ஆண்டில் விலைகொடுத்து வாங்கினார். சுவாமர்டாம் இறக்கும்போது பூர்ஹாவ பன்னிரண்டு வயதும் நிரம்பாத சிறுவர், உறவினருமல்லர். எனினும் தம் செலவில், ஆசிரியரின் வரலாற்றையும் எழுதிச் சேர்த்து, 1737, 1738ஆம் ஆண்டுகளில் "இயற்கையின் வேதநூல்" என்று பொருள்படும் பெயரில் இரு பெருந் தொகுதிகளாக வெளியிட்டார். தேனீயின் சூலகமும், தவளைத் தசைச் சோதனையும், குருதியின் சிறுதுணிக்கைகளும் அப்போதுதான் உலகுக்கு முழுமையாகத் தெரியவந்தன. குருதித் துணிக்கைகளை இதற்கிடையில் லேவன்ஹுக் 1674இலேயே அறிவித்துவிட்டார். நூல் முற்றுப்பெற்ற ஆண்டிலேயே பூர்ஹாவவும் காலமானார்.

"இதனால் என்ன பயன்?" என்று வினவிய தந்தையாரை நாம் பழிக்க வேண்டுவதில்லை. பத்து ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அவர் சொன்னது சரியே; மகன் ஒரு கில்டரும் ஈட்டவில்லை. நூறாண்டுக் கணக்கிலேதான் அவர் சொன்னது பிழையாயிற்று. அக்கணக்கைக் காண எந்தத் தந்தைக்கும் ஆயுள் போதாது.

நம் வீட்டுப் பிள்ளை முற்றத்து எலுமிச்சை மரத்தின்கீழே குந்தியிருந்து, மயிர்க்கொட்டி இலை தின்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், "எழும்பிப் படி" என்று அதட்டுமுன் சிறிது பொறுப்போம். அவன் அருகிற் சென்று, "என்ன பார்க்கிறாய் தம்பி?" என்று கேட்போம். அவன் சொல்லும் விடை, நாம் அதுவரை கேளாத ஒன்றாகவும் இருக்கக்கூடும்.