பழைய ஜீப் வண்டிகளின் வீட்டுப் பழுதுபார்ப்பு

பழைய ஜீப் வண்டிகளின் வீட்டுப் பழுதுபார்ப்பு என்பது, பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த நான்கு சக்கர இயக்க வண்டியில் ஏற்படும் சிறிய, நடுத்தரப் பழுதுகளை உரிமையாளரோ ஓட்டுநரோ கைக்கருவிகளைக் கொண்டு தாமே கண்டறிந்து சரிசெய்வதாகும். பழைய ஜீப்புகளில் கணினிக் கட்டுப்பாடு கிடையாது. பெரும்பாலான பாகங்கள் கண்ணுக்குத் தெரியும்படியும் கைக்கு எட்டும்படியும் அமைந்துள்ளன. எனவே பொறுமையும் ஒழுங்கும் உள்ள எவரும் இவ்வேலையின் ஒரு பகுதியைக் கற்றுக்கொள்ள முடியும்.

மலைப்பாதையில் எஞ்சின் நின்றுபோனால் பயணம் தடைபடும், அவ்வளவே. பிரேக்கோ ஸ்டீயரிங்கோ தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பழைய வண்டியைச் சீர்செய்யத் தொடங்குபவர் முதலில் வண்டி நிற்பதையும், அடுத்து அது சரியாகத் திரும்புவதையும், அதன் பின்னரே அது நன்றாக ஓடுவதையும் கவனிக்க வேண்டும். வண்ணப்பூச்சும் இருக்கைகளும் கடைசியில் வருபவை.

பின்னணி

ஜீப்பின் மூலவடிவம் இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவானது. வில்லிஸ்-ஓவர்லேண்ட் நிறுவனம் 1941இல் வில்லிஸ் எம்பி வண்டியைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. போர் முடிந்த 1945இல் பொதுமக்களுக்கான சிஜே-2ஏ வெளிவந்தது. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. 1953இல் அமெரிக்காவில் அறிமுகமான, உயரமான முன்மூடி கொண்ட சிஜே-3பி வடிவம் அங்கே நின்றுபோன பிறகும் இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1980களில் வந்த எம்எம் 540 வண்டியில் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பைக் கொண்ட 2112 கன செ.மீ. டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது.

இவ்வண்டிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டப் பகுதிகளில் இன்றும் ஓடுகின்றன. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கரடுமுரடான பாதையில் பயணிகளை ஏற்றிச் செல்பவை ஜீப்புகளே.

கருவிகள்

பழைய இந்திய ஜீப்பில் அமெரிக்க அடிச்சட்டமும் ஐரோப்பிய எஞ்சினும் சேர்ந்திருக்கக்கூடும். அதனால் ஒரே வண்டியில் அங்குல அளவு போல்ட்டுகளும் மில்லிமீட்டர் அளவு போல்ட்டுகளும் கலந்திருப்பது உண்டு. அரை அங்குலத் தலை 12.7 மி.மீ. ஆகும். அதில் 13 மி.மீ. ஸ்பேனரை மாட்டினால் பொருந்தியது போலத் தோன்றும். துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தம் கொடுக்கும்போது வழுக்கித் தலையின் முனைகளை மழுங்கச் செய்துவிடும். எனவே இருவகை ஸ்பேனர்களும் தேவை. துருவேறிய மரைக்கு முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைப்பது நல்லது.

வண்டியைத் தூக்குதல்

ஜீப்பின் எடை ஒரு டன்னுக்கும் மேல். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது; தாங்குவதற்கு அன்று. தூக்கிய வண்டியை இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கிய பிறகே அடியில் செல்ல வேண்டும். செங்கல்லும் சிமென்ட் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியவை.

பல பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் உள்ள டிரம் வழியாகப் பின் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கியதும், டிஃபரன்ஷியலின் இயல்பால் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் எதிர்த்திசையிலும் சுழல முடியும். ஷாஃப்ட் பூட்டியே இருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும். எனவே கைப்பிரேக்கை நம்பாமல், தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைப்பது கட்டாயம்.

பிரேக்

பழைய ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருப்பது வழக்கம். மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் குழாய்கள் வழியே ஒவ்வொரு வீல் சிலிண்டருக்கும் சென்று லைனிங் கட்டைகளை டிரம்மின்மேல் அழுத்துகிறது. மிகப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று உண்டு. ஏதேனும் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு பிரேக்குகளும் ஒருசேரப் போய்விடும்.

மிதியின் போக்கைக் கொண்டே பழுதைப் பெரும்பாலும் கணிக்கலாம்:

- மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.
- முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டு மூன்று முறை மிதித்ததும் உயர்ந்தால், லைனிங் தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கலாம்.
- அழுத்திப் பிடித்த மிதி மெல்ல மெல்ல இறங்கினால் எங்கேனும் கசிவு இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. இந்நிலையில் வண்டியை ஓட்டக்கூடாது.
- வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்தின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம்.

காற்று எடுப்பதற்கு இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை பாட்டிலில் உள்ள பிரேக் ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி மேலே வருவதற்கு முன்பே மூடிவிட வேண்டும். குமிழிகள் நிற்கும்வரை இது தொடரும். இடையில் மேல் தொட்டியில் ஆயில் வற்றினால் புதிதாகக் காற்று புகுந்துவிடும். வெளியேறிய ஆயிலை மீண்டும் ஊற்றக்கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அது 140 வரை குறையலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆயில் கொதித்து ஆவியானால், மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும், இறக்கத்தில் குறைந்த கியரில் வருவதும் இதனால்தான். எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் ரப்பர் கப்புகளை உப்பச் செய்வதால், அவற்றைக் கொண்டு பிரேக் பாகங்களைக் கழுவக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மில் சேர்ந்த தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கும் முன்சக்கர நடுக்கமும்

குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கடங்காமல் ஆடத் தொடங்குவது பழைய ஜீப்புகளில் அடிக்கடி காணப்படும் பழுதாகும். டயர் சமநிலையின்மை, தேய்ந்த டை ராடு முனைகள், தளர்ந்த வீல் பேரிங், தேய்ந்த கிங் பின் பேரிங், சக்கர நேர்படுத்தல் பிழை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காரணமாகலாம். ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் நடுக்கம் சிறிது காலம் மறையும். காரணம் அப்படியே இருக்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்ப்பது எளிய சோதனை. ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் பழுது வீல் பேரிங்கில் உள்ளது. அப்போதும் ஆட்டம் இருந்தால் கிங் பின்னைச் சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் பட்டைகள்

ஜீப்பின் ஆக்சில்கள் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்குகளுடன் யு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டுள்ளன. பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்சில் இடம்பெயர்ந்து வண்டி கோணலாக ஓடும். யு போல்ட் தளர்வதே பெரும்பாலும் சென்டர் போல்ட் உடையக் காரணமாகிறது. பட்டைகளை மாற்றிய பின் முதல் சில நூறு கிலோமீட்டரில் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

நீரில் இறங்கிய பின்

ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடை நீரில் மூழ்கும்போது அதனுள் உள்ள காற்று சுருங்குகிறது. ஆக்சிலின் மேலுள்ள மூச்சுத்துளை அடைபட்டிருந்தால், சுருங்கிய காற்றின் இடத்தை நிரப்ப ஆயில் சீல் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படும். நீர் கலந்த கியர் ஆயில் பால்போல் வெளுத்திருக்கும். அதை உடனே மாற்றாவிட்டால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். மூச்சுத்துளையைக் கம்பியால் சுத்தம் செய்வது சில நிமிட வேலை; ஆக்சிலைக் காப்பது அதுவே.

காற்று வடிகட்டி வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுந்ததாகத் தோன்றினால் ஸ்டார்ட் செய்ய முயலக்கூடாது. நீர் அமுங்காது என்பதால் மேலேறும் பிஸ்டன் தடைபட்டுக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எஞ்சினும் மின்சாரமும்

எஞ்சின் சூடாகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல இடங்களில் உள்ள பழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாகும். எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபேன் பெல்ட், பழுதான ரேடியேட்டர் மூடி ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது.

டீசல் வடிகட்டியை மாற்றிய பின் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் குழாயில் காற்று இருக்கிறது என்று பொருள். கைப்பம்பால் அழுத்தி, காற்று நீங்கும் திருகு வழியே அதை வெளியேற்றலாம். இன்ஜெக்டரில் கசிவைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடாது. உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும்.

மங்கலான முன்விளக்குக்கும் மெதுவாகச் சுற்றும் ஸ்டார்ட்டருக்கும் பெரும்பாலும் காரணம் துருப்பிடித்த எர்த் இணைப்பே. புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பூட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் செய்யக்கூடாதவை

அடிச்சட்டத்தில் வெல்டிங், டீசல் தொட்டியில் வெல்டிங், ஸ்டீயரிங் பாகங்களைச் சூடாக்கி வளைத்தல், இன்ஜெக்‌ஷன் பம்பைப் பிரித்தல், கிங் பின் இறுக்கத்தை அமைத்தல் ஆகியவை தேர்ந்த பட்டறைக்கு உரியவை. காலியான தொட்டியிலும் எரிபொருள் ஆவி தங்கியிருந்து வெடிக்கக்கூடும். பிரேக் வேலையை வீட்டில் செய்தாலும், சாலையில் ஏற்றுமுன் வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதிப்பதும், முதன்முறை செய்பவர் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுவதும் அவசியம்.

சட்டநிலை

இந்தியாவில் தனியார் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்கு உட்படுத்தி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் பாகத்தைப் பூட்டுவது பழுதுபார்ப்பு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதோ, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

பராமரிப்புப் பதிவேடு

பழைய வண்டிக்குத் தனிக் குறிப்பேடு வைப்பது பயனுள்ளது. தேதி, ஓடிய தூரம், மாற்றிய பாகம், ஊற்றிய ஆயிலின் வகை, கண்ட குறை ஆகிய ஐந்தையும் எழுதிவந்தால் போதும். ஒரே வீல் சிலிண்டர் ஓராண்டில் இருமுறை கசிந்தது எனக் குறிப்பேடு காட்டினால், ரப்பர் கப்பை மூன்றாம் முறை மாற்றுவதில் பயனில்லை. சிலிண்டரின் உட்சுவரே அரிக்கப்பட்டுள்ளது என்பது அதிலிருந்து தெளிவாகும். மாற்ற வேண்டியது சிலிண்டரைத்தான்.