மருந்துப் பிழைத் தடுப்பில் மருந்தாளுநர்

மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகள் நேராமல் தடுப்பது மருந்தாளுநரின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகும். மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி ஆகியவற்றை அவர் சரிபார்க்கிறார். மருந்தை ஆயத்தம் செய்யும் முறையிலேயே பிழையின் வாய்ப்பைக் குறைப்பதும் இப்பணியில் அடங்கும். வின்கிரிஸ்டின் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

வின்கிரிஸ்டின்

வின்கிரிஸ்டின் என்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் புற்றுநோய் மருந்து ஆகும். இதனைச் சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். முதுகுத்தண்டில் செலுத்தினால் இது நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும். பெரும்பாலும் நோயாளி உயிரிழப்பார். குருதிப் புற்றுநோயாளிகள் பலருக்கு மெத்தோட்ரெக்சேட்டு, சைட்டராபின் போன்ற மருந்துகள் முதுகுத்தண்டு வழியாகவும் செலுத்தப்படுகின்றன. இவையும் வின்கிரிஸ்டினும் ஒரே மாதிரியான ஊசிக்குழல்களில் வழங்கப்பட்டால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று செலுத்தப்படக்கூடும். 2001 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 18 வயது இளைஞர் ஒருவர் இத்தகைய பிழையால் உயிரிழந்தார்.

தடுப்பு முறை

வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் வழங்காமல், நீர்க்கச் செய்து சிறிய பைகளில் வழங்குமாறு 2007 இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. மருந்தகத்தில் மருந்தாளுநர் இதனை ஆயத்தம் செய்து, பிற வழிகளில் செலுத்தினால் உயிரிழப்பு நேரும் என்ற எச்சரிக்கையையும் பையின் மீது ஒட்டுகிறார். பையில் உள்ள மருந்து சிரை வழியாகச் சொட்டுச்சொட்டாக ஏற்றப்படுவது. முதுகுத்தண்டில் செலுத்துவதற்கு அதன் வடிவமும் கன அளவும் பொருந்துவதில்லை. ஆகவே, பணிச்சுமையால் கவனம் தவறும் வேளையிலும் இப்பிழை நேர்வது அரிதாகிறது.