கண்டியின் துவக்குக் கொல்லர்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் துப்பாக்கியைத் துவக்கு என்றே மக்கள் வழங்குவர். சிங்களத்தில் அதற்குத் துவக்குவ என்று பெயர். துப்பாக்கி, துவக்கு என்னும் இரு சொற்களும் துருக்கி, பாரசீக மொழிகளிலுள்ள ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. கண்டி அரசின் படைப்பிரிவுகளுள் ஒன்றுக்குப் பொந்திக்குல என்று பெயர் இருந்தது. இந்துஸ்தானியில் வழங்கும் பந்தூக் என்னும் சொல்லுக்கு அது உறவு. கால்களின்மேல் நிறுத்திச் சுடும் சிறு பீரங்கியொன்றைக் கொடித்துவக்கு என்றனர். இன்றும் சிங்களக் குடும்பங்கள் பலவற்றிற்குக் கொடித்துவக்கு என்பது குடிப்பெயராக நின்று நிலவுகின்றது.

சொல் கடல் கடந்து வந்தது. கருவியும் கடல் கடந்தே வந்தது. ஆயினும் அக்கருவியை மலைநாட்டின் உலைக்களங்களில் உருவாக்கிய கைகள் அந்நாட்டுக் கைகளே. அக்கைகள் எவ்வாறு அத்தொழிலைக் கற்றன, எவ்வாறு அதனை இழந்தன என்பது இலங்கையின் கைத்தொழில் வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க ஒரு பகுதியாகும்.

போர்த்துக்கீசர் 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்தம் வரலாற்றாசிரியருள் ஒருவரான தியோகோ டோ கூட்டோ 1616இல் மறைந்தவர். தம்மவர் வந்தபோது இத்தீவில் ஒரு துவக்குத்தானும் இருக்கவில்லை என்றும், ஓயாத போரின் விளைவாகச் சிங்களவர் அத்தொழிலில் தேர்ந்து, போர்த்துக்கீசர் செய்வனவற்றிலும் சிறந்த துவக்குகளைச் செய்யலாயினர் என்றும், இருபதினாயிரத்திற்கு மேற்பட்டவை தீவில் இருந்தன என்றும் அவர் எழுதிவைத்தார். தொகையை அப்படியே ஏற்கவேண்டுமென்பதில்லை. போர் வரலாறு எழுதுவோர் எதிரியின் படையைப் பெருக்கிக் காட்டுவது எந்நாட்டிலும் உள்ளதே. ஆனால் எதிரியின் கைத்திறன் தம்முடையதினும் மேலானது என்று ஒருவர் வலிந்து பொய் சொல்லமாட்டார். அக்கூற்றுக்குப் போர்க்களங்களும் சான்று பகர்ந்தன. 1594இல் தந்துறையிலும், 1630இல் ரந்தெனிவெலவிலும், 1638இல் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் போர்த்துக்கீசப் படைகள் அழிந்தொழிந்தன.

கண்டி நாட்டுக் கொல்லன் எத்தகையவன்? இவ்வினாவிற்கு விடை தருபவர் உறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் கழித்து, 1679இல் தப்பிச்சென்று, 1681இல் தம் நூலை இலண்டனில் வெளியிட்டவர் அவர். கொல்லனைப்பற்றி அவர் எழுதியதில் நகைச்சுவையும் சிறிது கலந்திருக்கின்றது. ஒவ்வொரு கொல்லனுக்கும் இன்ன ஊர்கள் என்று வரையறை உண்டு. அவ்வூரார் வேறொரு கொல்லனிடம் செல்லுதல் ஆகாது. வேலை வேண்டி வருபவன் இரும்பையும் கரியையும் தானே சுமந்து வரவேண்டும். கொல்லனோ தன் மணையில் பெருமிதத்துடன் வீற்றிருப்பான். துருத்தி ஊதுபவன் வந்தவனே. சம்மட்டி ஓங்கி அடிப்பவனும் அவனே. கொல்லன் இடக்கையால் இரும்பைப் பற்றிக்கொண்டு, வலக்கையிலுள்ள சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவத்தைச் சரிசெய்வான். தேய்க்க வேண்டியதையும் வந்தவனே கல்லில் தேய்த்துத் தரவேண்டும். இறுதியில் அரத்தால் இழைத்து முடிப்பது மட்டும் கொல்லன் பணி. கூலி அறுவடையின்போது நெல்லாக வந்து சேரும்.

நொக்ஸ் இதனைக் கொல்லனின் செருக்கு என்று கண்டார். உண்மையில் அது தொழிலின் முறை. வலிமை வேண்டும் வேலையை எவரும் செய்யலாம். இரும்பு எப்போது பதமாயிற்று என்று காணும் கண்ணும், இறுதி உருவைக் கொடுக்கும் கையுமே கொல்லனுக்குரியவை. கலப்பைக்கொழுவுக்கு அவ்வளவு கண் வேண்டியதில்லை. துவக்குக்கு வேண்டும்.

இலங்கையில் இரும்புக்குக் குறைவில்லை. சமனலவெவப் பகுதியில் ஆய்வு நடத்திய கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளின் செய்தியை 1996இல் உலகிற்கு அறிவித்தார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. பிற்காலத்தில் உலைகள் சிறியனவாயின. எனினும் கல்லை உருக்கி இரும்பெடுப்பதும், அதனை உருக்காக்குவதும் ஆங்கிலேயர் வரும்வரை ஊர்த்தொழில்களாகவே நடந்தன.

துவக்கின் பகுதிகளுள் பருமனானது குழல். வாய்வழி மருந்திடும் துவக்குகளின் குழலை எந்நாட்டுக் கொல்லரும் ஏறக்குறைய ஒரே நெறியிற் செய்தனர். தகட்டிரும்பைச் செந்நிறங் கடந்து வெண்ணிறம் எய்தும்வரை காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடித்து, விளிம்போடு விளிம்பு ஒட்டுமாறு சிறிது சிறிதாக அடித்துச் சேர்ப்பர். ஒட்டில் ஓரிடத்திற் சாம்பலோ கசடோ அகப்பட்டுவிட்டால் வெளியே தெரியாது. வெடிக்கும் நாளிற்றான் தெரியும். அன்று சேதமுறுவது எதிரியல்லன், சுடுபவனே. பின்னர் உட்துளையைக் குடைந்து நேராக்கி, அடிப்பக்கத்தை அடைத்து, மருந்துக்குத் தீச்செல்லும் சிறு துளையை இடுவர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர் 18ஆம் நூற்றாண்டிற் செய்த நீள்துப்பாக்கிகளில் உட்புறத்தே சுருள் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு சுழன்று நெடுந்தூரம் நேரே சென்றது. கண்டித் துவக்குகள் பொதுவாக வழுவழுப்பான உட்துளை கொண்டவை. அடர்ந்த காட்டு வழியில், சில பாக தூரத்தில் எதிர்ப்படும் படையைச் சுடுவதற்கு அது போதுமாயிருந்தது.

குழலினும் நுண்ணியது பொறி. முதலில் வந்த துவக்குகள் திரித்துவக்குகள்; புகையும் கயிற்றுத்திரியைக் கொண்டு மருந்துக்குத் தீயிட்டன. மலைநாட்டு மழையில் திரி நனையும். இரவிற் கனன்று ஒளிவிடும். அதன் மணம் பதுங்கியிருப்பவனைக் காட்டிக்கொடுக்கும். கணவாய்களில் மறைந்திருந்து தாக்குவதே கண்டியரின் போர்முறை. ஆதலின் தீக்கல்லாற் பொறியெழுப்பும் துவக்கு அவர்களுக்கு மிகவும் ஏற்றதாயிற்று.

அதன் இயக்கம் எளிது. குதிரை எனப்படும் உறுப்பு ஒரு தீக்கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்ததும் வில் அதனை முன்னோக்கித் தள்ள, கல் ஓர் உருக்குத் தகட்டின்மேல் உராய்ந்து இறங்கும். அப்போது எரிவது கல்லன்று. கல்லினும் மெலிந்த உருக்கிலிருந்து நுண்ணிய துகள்கள் சீவப்பட்டு, உராய்வின் சூட்டிற் பற்றிக்கொள்கின்றன. அத்தீத்துகள்கள் கீழேயுள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழுந்து, அத்தீ துளைவழியே குழலுக்குட் புகுகின்றது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் பொழுதுள் நிகழ்வன.

எளிய இயக்கந்தான், செய்வது எளிதன்று. உருக்குத் தகடு மெதுவாயிருந்தால் துகள் எழாது. மிகக் கடினமாயிருந்தால் விரிசலுறும். வில்லோ இன்னும் பொல்லாதது. காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோற் கடினமாகி, முதல் இழுப்பிலேயே முறியும். ஆகவே அதனை மீண்டும் மெல்லச் சூடாக்கி, மேற்பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றி, ஊதா நிறமாய், நீலமாய் மாறிவரும்போது, வேண்டிய நிறத்தில் நிறுத்துதல் வேண்டும். வெப்பமானி இல்லாத கம்மாலையில் நிறமே அளவுகோல். மணையிலமர்ந்து நொக்ஸின் கண்ணுக்குச் சோம்பலுடையவனாய்த் தோன்றிய அம்மனிதனின் அறிவு முழுவதும் அந்நிறத்தைக் காணும் நொடியில் அடங்கியிருந்தது.

கண்டித் துவக்குகள் பலவற்றில் இப்பொறி இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். ஐரோப்பியத் துப்பாக்கிகளில் அது வலப்பக்கத்தது. நூதனசாலையின் கண்ணாடிப் பேழைக்கு முன் நிற்பவர் இந்த ஒன்றைக்கொண்டே பலவற்றை இனங்காணலாம். மற்றோர் அடையாளம் தோளில் அணைக்கும் மரக்கட்டை. அதன் அடி இரண்டாய்ப் பிளந்து சுருண்டு, யானைத்தந்தத் தகடுகளும் வெள்ளி பித்தளைப் பூண்களும் பொருந்தி விளங்கும். குழலின் மேலும் வெள்ளியாற் கொடிவேலை இழைத்திருப்பர். லியவெல என்னும் அக்கொடியும் சிங்கமும் மகரமும் கண்டிக் கோயிற் கதவுகளிலும் தூண்களிலும் காணப்படும் அதே உருவங்கள். பொறி போர்த்துக்கீசரின் வழியில் வந்ததாயினும், பூண் இந்நாட்டினது.

மருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் மலைநாட்டிலேயே கிடைத்தது. வேதியியலறிஞர் ஹம்பிறி டேவியின் தம்பியாரும், இலங்கையிற் படை மருத்துவராய்ப் பணியாற்றியவருமான யோன் டேவி, மீமுரையை அடுத்த வெடியுப்புக் குகையை நேரிற் கண்டு, 1821இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். குகை மண்ணோடு சாம்பலைக் கலந்து, நீரில் வடித்துக் காய்ச்சி உப்பெடுத்தனர். கரிக்குக் காடு இருந்தது. கந்தகம் ஒன்றே கடல்வழி வரவேண்டியதாயிற்று. துறைமுகங்கள் அந்நியர் கையிலிருந்தமையால் கண்டியரசின் கழுத்தை நெரிக்க அது ஒரு வழியாயிற்று.

இத்தொழிலாளர் எதனால் வாழ்ந்தனர் என்பதை அறிந்தாலன்றி, அவர் தொழில் ஏன் அழிந்தது என்பது விளங்காது. கொல்லர், தட்டார், தச்சர், ஓவியர் ஆகியோர் நவந்தன்னர் என்னும் ஒரே குலத்தினர். அவருட் சிறந்தோர் பட்டல்கத்தற என்னும் அரச தொழிற்சாலைகளிற் பணியாற்றினர். அவர்க்குச் சம்பளம் இல்லை, நிலம் இருந்தது. நிலத்தை உண்பவன் அதற்குரிய பணியைச் செய்தல் வேண்டும் என்பதே இராசகாரியம் என்னும் முறை. அத்தகைய நிலக்கூற்றைச் சிங்களத்தில் பங்குவ என்றனர். தமிழிற் பங்கு என்பதே அது. துவக்குக் கொல்லனின் வயல், அரசனுக்குத் துவக்கு வேண்டியிருக்கும்வரையே அவனுக்குரியது.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. மதுரை நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது மக்களிடமிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மக்களின் கட்டாய ஊழியம் நீங்கியது என்று அதனைப் போற்றுவர், போற்றுதல் தகும். ஆனால் அரசனை மட்டும் நம்பியிருந்த தொழிலுக்கு அதுவே இறுதி ஓலையாயிற்று. கோயில் நிலங்களின் ஊழியம் தொடர்ந்தமையால் மேளம் அடிப்போரும், ஆடுவோரும், விளக்கு வார்ப்போரும், ஓவியரும் தலதா மாளிகையையும் தேவாலயங்களையும் சார்ந்து வாழ்ந்தனர். பிலிமத்தலாவைப் பக்கத்தில் இன்றும் பித்தளை வேலை நடைபெறுகின்றது. தெய்வத்திற்கு விளக்கு வேண்டும், துவக்கு வேண்டியதில்லை. அரசன் போனபின் துவக்குக் கொல்லனைத் தாங்க ஒருவரும் இலர்.

மீந்ததைச் சந்தை முடித்துவைத்தது. இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு வந்தது. போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1807இல் உரிமை பெற்ற புதிய வெடிப்பொறி, சில பத்தாண்டுகளில் உலகெங்கும் தீக்கற் பொறியைப் பழம்பொருளாக்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இலங்கையெங்கும் நடந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் உருக்குச் செய்யும் பழைய முறையைக் கண்டு பதிவுசெய்தபோது, அதனை அறிந்தோர் முதியோர் சிலரே. 1908இல் வெளியான அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் நூல் இல்லையாயின், அவ்வளவும் நமக்குக் கிட்டியிராது. கொழும்பிற் பிறந்த தமிழர் ஒருவர் கண்டிக் கம்மியரின் கையறிவை எழுத்திற் காத்தார் என்பது பெருமைக்குரியது.

செய்தவர் மறைந்தாலும் பொருள்கள் சில நெடும்பயணம் செய்து மீண்டுள்ளன. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டிக்குள் படைநடத்திச் சென்றபோது, கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் அரண்மனை சூறையாடப்பட்டது. அங்ஙனம் சென்ற பொருள்களுள், லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்ததும், பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்ததுமான சிறு பீரங்கி ஒன்று. அது இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நெதர்லாந்திற் காட்சிப்பொருளாயிருந்தது. 2023இல் நெதர்லாந்து அரசு அதனையும், பொன் வாள், வெள்ளி வாள், ஒரு கத்தி, மகா துவக்கு எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டு ஆகியவற்றையும் இலங்கைக்குத் திருப்பியளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆறு பொருள்களும் கொழும்புத் தேசிய நூதனசாலையை அடைந்தன.