தீயில் வளையும் பலகை

எங்கள் கோலா சாவா தோட்டத்தில் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தாத்தா பிரம்பைத் தீயில் காட்டத் தொடங்கிவிடுவார். காவடி வளைவுக்கு. பிரம்பு முறிந்தால் யாரையும் திட்டமாட்டார். பேசாமல் அடுத்ததை எடுப்பார். அந்தப் புகை வாசனை பல வருடம் கழித்து கோலா திரங்கானுவில், டூயோங் தீவின் படகுப் பட்டறை ஒன்றில் மறுபடியும் மூக்கில் ஏறியது.

வானொலி நிகழ்ச்சிக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு போயிருந்தேன். பழைய மீன்பிடிப் படகு ஒன்றுக்கு உளுத்துப்போன பலகையை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

டூயோங் தச்சர்களின் முறையே தனி. பொதுவாகப் படகுக்கு முதலில் எலும்புக்கூடு, அதாவது வங்குகள், அதன்மேல் பலகை. இங்கே பலகைதான் முதலில். வரைபடம் கிடையாது, கண் அளவுதான். செங்கால் மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விளிம்புக்குள் பெனாகா மர ஆப்புகளை மறைவாக அடித்துக் கோக்கிறார்கள். இடையில் கெலாம் மரப்பட்டை. படகின் உடல் உருவான பிறகே உள்ளே வங்குகள் ஏறும். 1981இல் ஒரு ஜெர்மானியர் இங்கே கட்டிய ‘நாகா பெலாங்கி’ உலகையே சுற்றி வந்தது.

(நமக்கும் இந்த வேலை அந்நியமல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த கப்பல்.)

கட்டுவதைவிடப் பழுது பார்ப்பது கஷ்டம் என்பது அங்கேதான் புரிந்தது. நடுவில் ஒரு பலகையை எடுக்க வேண்டுமானால் மேலும் கீழும் ஒளிந்திருக்கும் ஆப்புகளை ரம்பத்தால் அறுக்க வேண்டும். புதுப் பலகையை அந்த இடைவெளிக்குள் வைத்த பிறகு இரண்டு பக்கமும் அப்படி ஆப்பு அடிக்க வழியில்லை. இனி அதைத் தாங்கப்போவது உள்ளே இருக்கும் வங்குகள்தாம். இன்னொரு சங்கடமும் உண்டு. பலகை முனைகளின் மூட்டுகள் அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே இடத்தில் வந்தால் படகு அங்கேயே பலவீனமாகிவிடும். அதனால் உளுத்த பாகத்தோடு நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டுகிறார்கள்.

மெல்லிய சட்டம் ஒன்றை ஓட்டையின்மேல் பொருத்தி வடிவத்தைக் குறித்துக்கொண்டார்கள். பலகையின் ஒரு முனையை இறுக்கிக் கட்டி, மறுமுனையில் கனம் ஏற்றி, கீழே தீ. மரம் கருகாமல் இருக்க மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தின் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகுகிறது. ஆறினால் மீண்டும் இறுகிவிடும். நன்றாகக் காய்ந்த மரத்தைவிட ஈரம் உள்ள மரமே எளிதாக வளையும். நீராவியில் வேகவைக்கும் பட்டறைகளில் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் சில நிமிடங்கள்தான். அதற்குள் பொருத்தி, இடுக்கி போட்டு இறுக்கிவிட வேண்டும். விட்டால் கொஞ்சம் நிமிரும் என்பதால் தேவைக்கு மேல் சற்றே கூடுதலாக வளைக்கிறார்கள்.

முதல் பலகை ‘டப்’பென்று விரிந்தது. என் கருவியில் அந்தச் சத்தம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. செங்கால் மெதுவாக வளரும் மரம், விலையும் அதிகம். நான் ‘பாக் சிக்’ என்று அழைத்த மூத்த தச்சர் எதுவும் சொல்லவில்லை. விரிசலை விரலால் தடவிப் பார்த்தார், அடுத்த பலகையை எடுத்து வரச் சொன்னார்.

எனக்குத் தாத்தா நினைவு வந்தது. இந்தத் தீவில் பட்டறைகளை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். சூட்டை எப்போது போதும் என்று நிறுத்துவது என்பது எந்த ஏட்டிலும் இல்லை, அவர் கையில் இருக்கிறது. பிரம்பு வளைக்க நானும் தாத்தாவிடம் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது எங்கள் வீட்டுக் காவடியைக் கடையில் வாடகைக்கு எடுக்கிறோம்.

இரண்டாவது பலகை பணிந்தது. மறுநாள் இடுக்குகளில் கலப்பற்று அடைத்தார்கள், அதுவும் அளவாகத்தான். தண்ணீரில் மரம் ஊதும் என்பதால் அதற்கு இடம் விட வேண்டும். ஆற்றில் இறக்கியதும் படகு ஒழுகத்தான் செய்யும். இரண்டு மூன்று நாளில் மரம் ஊறித் தானே அடைத்துக்கொள்ளும். அதுவரை ராத்திரியில் பம்பை ஓடவிட்டு, யாராவது ஒருவர் படகிலேயே படுத்துக்கொள்கிறார்கள்.