தெரியாத முகமெல்லாம் திருடனா?

“ஆன்டிவைரஸ் தின்னுட்டு.” குருவிகுளம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் டி.டி.பி. சென்டர்களிலும் பதினைந்து வருஷத்துக்கு முன்பும் இதைச் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். ஆனால் அன்று அது தின்றது வேறு, இன்று தின்பது வேறு.

அன்று பென் டிரைவ் காலம். ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிய மனு, கல்யாணப் பத்திரிகை, கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் பென் டிரைவில்தான் சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் போய் வந்தன. போன இடத்து வைரஸும் கூடவே வந்து சேரும். போல்டர் படத்தை மாட்டிக்கொண்டு வந்த ‘நியூ போல்டர் டாட் இஎக்ஸ்இ’யை அந்தக் காலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில வைரஸ்கள் இருக்கிற போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் தாங்கள் உட்கார்ந்துகொள்ளும். ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து அழித்ததும் பென் டிரைவ் காலியாகத் தெரியும். அழிந்தது வைரஸ் மட்டும்தான், கோப்புகள் உள்ளேயே கிடக்கும். கறுப்புத் திரையைத் திறந்து ‘அட்ரிப்’ கட்டளை கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். இது தெரியாமல் ஃபார்மேட் போட்டு, பத்து வருஷத்துப் படங்களைத் தொலைத்தவர்கள் உண்டு. சாலிட்டி மாதிரியான வைரஸ்கள் இன்னும் மோசம். நல்ல மென்பொருளின் கோப்புக்குள்ளேயே புகுந்துகொள்ளும். பிரித்தெடுக்க முடியாவிட்டால் கோப்பையே அழிக்க வேண்டியதுதான். அந்த அழிப்பில் நியாயம் இருந்தது.

அன்றைய ஆன்டிவைரஸ் வேலை செய்த விதம் எளிது. தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்போடும் ஒப்பிடும். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் எல்லாம் சி.டி.யாகக் கடைக்கு வந்த காலம் அது. பட்டியலில் பிழை விழுந்தால் உலகமே தடுமாறும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் அணைந்து அணைந்து எழுந்தன. அமெரிக்காவில் மருத்துவமனைகள் திண்டாடின. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் பல்பொருள் அங்காடிகள் சிலவற்றை மூட நேர்ந்தது. இணையமே இல்லாமல், மாதக்கணக்கில் அப்டேட் ஆகாமல் கிடந்த கரிசல் காட்டுக் கணினிகளை அந்தப் பட்டியல் எட்டவே இல்லை. எட்டிய இடங்களிலும், ஊரே பார்த்த பிழை என்பதால் திருத்தம் அன்றைக்கே வந்தது.

இன்றைய பிழை அப்படி ஊர் பார்க்க நடப்பதில்லை. அதுதான் என் கவலை.

இப்போது விண்டோஸோடு டிஃபெண்டர் சேர்ந்தே வருகிறது. பட்டியலோடு அது நிற்பதில்லை. கோப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. அதோடு சேர்ந்த ஸ்மார்ட்ஸ்கிரீன், இந்தக் கோப்பை உலகில் எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், யார் கையொப்பம் இட்டிருக்கிறார்கள் என்று விசாரிக்கிறது. ‘வாகாடாக்.பி!எம்எல்’ என்ற பெயரைப் பலர் பார்த்திருப்பார்கள். கடைசியில் வரும் ‘எம்எல்’, இது இயந்திரக் கற்றலின் தீர்ப்பு என்பதன் குறி. டவுன்லோட்ஸ் போல்டரில் கோப்பு வந்து விழும். வலது மூலையில் ஓர் அறிவிப்பு எழும்பி, படித்து முடிப்பதற்குள் மறையும். பார்த்தால் கோப்பு இருக்காது. கோடிப் பேர் இறக்கும் மென்பொருளுக்கு இந்தக் கதி எப்போதாவதுதான் நேர்கிறது. நேர்ந்தாலும் உடனே சரியாகிவிடும். 2022 செப்டம்பரில் குரோமையே வைரஸ் என்று டிஃபெண்டர் சொன்னபோது அப்படித்தான் ஆனது. சில நூறு பேர் இறக்கும் மென்பொருளுக்கு யார் பேசுவார்கள்?

தமிழ்த் தட்டச்சு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் கே என்ற ஆங்கில விசையைத் தட்டினால் ‘க்’ வருகிறது. அடுத்து ஐ தட்டினால் ‘கி’ ஆக வேண்டும். அதற்கு அந்த மென்பொருள் விசையை இடையில் பிடிக்கிறது, தானே பின்னழிப்பு விசையைத் தட்டிப் புள்ளியை எடுக்கிறது, பிறகு இகரக் குறியைச் சேர்க்கிறது. நாம் தட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது, நமக்குத் தெரியாமல் தானும் தட்டுவது. கடவுச்சொல் திருடும் மென்பொருளின் முதல் பாதியும் இந்தக் கேட்டல்தான். திருடன் கேட்டதைச் சேமித்து வெளியே அனுப்புவான், தட்டச்சு மென்பொருள் அதைச் செய்வதில்லை. ஊகத்தில் ஓடும் இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் பல நேரம் பிடிபடுவதில்லை. 2000இல் விஸ்வநாதன் கொடுத்த ‘அழகி’, நியூ ஹொரைசன் மீடியாவின் ‘என்எச்எம் ரைட்டர்’ போன்றவை தமிழில் எழுத ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழி திறந்தவை. இன்று அப்படி ஒன்றை ஒருவர் தனியாளாக எழுதி இலவசமாகக் கொடுக்க நினைத்தால், நம்பிக்கைக் கையொப்பச் சான்றிதழுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் சாவியைத் தனி வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. காசு வாங்காமல் கொடுப்பவர்தான் அதிகம் சந்தேகிக்கப்படுகிறார். விண்டோஸிலேயே இப்போது தமிழ்99 இருக்கிறது, நல்லது. ஆனால் பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் சின்னக் கருவிகளுக்கு விண்டோஸில் அப்படி மாற்று இல்லை. பிப்ரவரி தோறும் ஆசிரியர்கள் இணையம் வழியே கைமாற்றிக்கொள்ளும் வருமான வரி எக்ஸெல் கோப்பில் மேக்ரோ இருந்தால், 2022க்குப் பிறகு அதற்கும் சிவப்புப் பட்டைதான்.

இதற்காக ஆன்டிவைரஸை மொத்தமாக அணைத்து வைப்பது ஆபத்து. பல கடைகளில் அப்படிச் செய்வதைப் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. ஊர் மக்களின் ஆதார் நகலெல்லாம் இருக்கிற கணினி அது. கோப்பு போய்விட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யைத் திறங்கள். பெரும்பாலும் அழிந்திருக்காது, தனிமைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கும். உருவாக்கியவரின் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு வைரஸ்டோட்டலில் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 70 ஆன்டிவைரஸ்களின் கருத்து ஒரே இடத்தில் கிடைக்கும். நாலைந்து மட்டும் ‘ஜெனரிக்’, ‘எம்எல்’ என்று சொன்னால் பெரும்பாலும் தவறான பிடிப்பு. முப்பது நாற்பது சொன்னால் தொடாதீர்கள். வாடிக்கையாளரின் ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றவே கூடாது, ஏற்றியதை வெளியாட்களும் எடுக்க முடியும்.

தவறான பிடிப்பு என்று தெரிந்தால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்து மீட்டெடுங்கள். அதோடு விட்டுவிடாமல் கோப்பை மைக்ரோசாஃப்டின் பரிசோதனைப் பக்கத்துக்கும் அனுப்புங்கள். மென்பொருளை எழுதியவர்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, வீட்டுப் பயனரும் அனுப்பலாம், காசு கிடையாது. அங்கே ஓர் ஆய்வாளர் பார்த்துத் தீர்ப்பை மாற்றினால், அதே கோப்பை அடுத்து இறக்குகிறவருக்கு அது காணாமல் போகாது.