மலைப்புகையும் குழாய்ப்புகையும்

தருக்கநூல் பயிலப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது ஒரு மலையும் அம்மலைமேல் எழும் புகையுமே. நெருப்பு கண்ணுக்குப் புலப்படவில்லை, புகை புலப்படுகின்றது. புகையுள்ளவிடத்து நெருப்புண்டு என்பதை அடுக்களையிலே பன்முறை கண்டிருக்கின்றோம். மடுவிலே நெருப்புமில்லை, புகையுமில்லை என்பதையும் கண்டிருக்கின்றோம். ஆதலின் இம்மலையிலும் நெருப்புண்டு எனத் துணிகின்றோம். மலை பக்கம், அடுக்களை சபக்கம், மடு விபக்கம், புகை ஏது. அன்னம்பட்டர் தம் தருக்கசங்கிரகத்திலே எடுத்தாண்ட இவ்வுதாரணத்தை, பகலிற் கற்பித்து இரவிற் கற்று வெளிவாரிப் பட்டத்துக்கு ஆயத்தஞ் செய்த நாள்களில் யானும் நெட்டுருப் பண்ணினேன். அதன்கண் ஐயுறுதற்கு இடமுண்டென அக்காலத்தில் எனக்குத் தோன்றியதில்லை. சில ஆண்டுகளின் பின் என் தாயாரின் நோய் காரணமாக ஒரு வைத்தியசாலையிற் பதினொரு நாள் தங்க நேர்ந்தபோதே அவ்வையம் எழுந்தது. அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

பழைய தருக்க நூலாருட் சிலர் புகையைச் சொல்லுமிடத்து, அடி அறாமல் மேலெழுகின்ற புகை என அடைகொடுத்துச் சொல்வர். இவ்வடைமொழி வீண்சொல் அன்று. அடியிலே நெருப்போடு தொடர்புற்று நிற்கும் புகையே அவ்விடத்து நெருப்புக்குச் சான்றாகும். காற்றடித்து வேறிடம் புகுந்த புகை அதற்குச் சான்றாகாது. எமது ஊரார் வாழைக்குலை பழுக்கவைக்கும் முறையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். குலையைக் குழியிலிட்டு மூடி, ஓரத்திலே ஒரு துவாரம் விட்டு, அதன் வாயில் தணலும் பொச்சுமட்டையும் இட்ட சட்டியைப் பொருத்தி ஊதுவர். நெருப்பு முற்றத்தில் இருக்கின்றது. புகையோ குழியில் நிறைகின்றது. இரண்டற்கும் நடுவே நிற்பது ஊதுபவரின் மூச்சு. அப்புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயு காயைக் கனியாக்குகின்றது. குழியினுள் இருப்பது வாழைக்குலையாதலின் எவர்க்கும் தீங்கில்லை. குழியினுள் மனிதர் இருப்பின் என்னாம்?

இக்காலத்துப் பெருங்கட்டடங்கள் பல அத்தகைய குழிகளே. நம் முன்னோரின் நாற்சார் வீட்டிலே முற்றம் வானத்தை நோக்கித் திறந்திருந்தது; அடுக்களைக்குப் புகைக்கூடு இருந்தது; எழுந்த புகை தானே வெளியேறிற்று. குளிரூட்டப்பட்ட கட்டடத்திலோ சாளரங்கள் அடைக்கப்பட்டுள்ளன. ஓரிடத்திலே பெரிய விசிறியொன்று சுழல்கின்றது. அது அறைகளிலுள்ள வளியை மீள இழுத்து, வெளியிலிருந்து சிறிது புதுவளியையுஞ் சேர்த்து, வடிகட்டிக் குளிர்வித்து, தொழிலாளர் டக்ட் என வழங்கும் தகட்டு வளிக்குழாய்கள் வழியே எல்லா அறைகட்கும் அனுப்புகின்றது. கீழ்த்தளத்தில் ஒரு பொதி பஞ்சு புகையத் தொடங்கின், அப்புகையை ஐந்தாம் மாடியிலே துயில்வோன் தலைமாட்டுக்குக் கொண்டு சேர்ப்பதும் அவ்விசிறியே.

இது கற்பனையன்று. 2011 டிசெம்பர் 9ஆந் திகதி விடியற்காலத்திலே கொல்கத்தாவிலுள்ள ஆம்ரி வைத்தியசாலையின் நிலக்கீழ்த் தளத்திலே தீ மூண்டது. வாகனம் நிறுத்துதற்கென விடப்பட்ட அத்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் குவிக்கப்பட்டிருந்தன. தீ மேலேறவில்லை, புகை ஏறிற்று. குளிரூட்டும் குழாய்கள் வழியே மேல்மாடி நோயாளர் விடுதிகளை அடைந்த புகை, கண்ணாடிச் சுவரால் மூடுண்ட அக்கட்டடத்தைவிட்டு வெளியேற வழியின்றி நிறைந்தது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் எழுந்து நடக்கவியலா நோயாளர். தீயால் வெந்தவரல்லர், மூச்சுத்திணறி இறந்தவர். நோயாளரை வெளியேற்றிக் கொண்டிருந்த கேரளத் தாதியர் இருவரும் அப்புகையிலேயே உயிர் நீத்தனர். இதற்கு முப்பத்தோராண்டு முன்னர், 1980 நவம்பர் 21இல், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்து எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியிலும் இதுவே நிகழ்ந்தது. தீ எரிந்தது கீழ்த்தளத்திலே. இறந்தோர் 85 பேரிற் பெரும்பாலோர் தீ அணுகாத மேல்மாடிகளில் இருந்தோர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மேல்மாடியில் நின்ற தருக்கப்புலவர் ஒருவர், இங்கே புகையுண்டு, ஆதலின் இங்கே நெருப்புண்டு எனத் துணிந்திருப்பின் அத்துணிவு பிழையாகும். குழாய் புகையின் அடியை அறுத்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து தீயைப்பற்றி எழுதுபவனுக்கு 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தின் நினைவு வாராதிராது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த அத்தீ மனிதர் வேண்டுமென்றே இட்ட தீ. எக்கருவியும் அதனைத் தடுத்திராது. யான் கூறுவது எவரும் இடாமல், எவரும் அறியாமல் மூளுந் தீயைப்பற்றியே.

இனிக் கருவியின் இயல்பைக் கூறுவாம். 1930களிலே சுவிற்சலாந்து நாட்டுப் பௌதிகர் வால்ற்றர் யேகர் என்பார் நச்சு வாயுவை அறியும் கருவியொன்றை ஆக்க முயன்று தோல்வியுற்றுச் சோர்ந்து ஒரு சிகரெற்றைப் பற்றவைத்தாராக, அதன் புகைக்குக் கருவியின் முள் அசைந்தது என்பர். அயன்முறைக் கருவி அவ்வழியே பிறந்தது. அதனுள்ளே அமெரிசியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் மிகச் சிறிதளவு வைக்கப்பட்டு, வளியினூடாக நுண்ணிய மின்னோட்டம் ஓடச் செய்யப்படுகின்றது. புகைத்துணிக்கை புகுந்தால் அவ்வோட்டங் குறையும். மற்றொன்று ஒளிமுறைக் கருவி. ஓட்டுக்கூரையின் துவாரம் வழியே விழும் வெயிற்கற்றையிலே தூசுகள் மினுங்குதலை எவரும் கண்டிருப்பர். இருண்ட சிறு கூட்டினுள் ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது நேரே விழாதபடி ஒதுக்குப்புறத்திலே ஒளியுணர் கண் ஒன்றை வைப்பர். புகை புகுந்து ஒளியைச் சிதறச் செய்யின் அக்கண் விழித்துக்கொள்ளும். வளிக்குழாய்க்கு இக்காலத்தில் ஒளிமுறைக் கருவியையே பெரிதும் கொள்கின்றனர்.

குழாய்க்கருவி அறையின் முகட்டிலே பொருத்தும் கருவி போன்றதன்று. கருவிப்பெட்டி தகட்டுக் குழாயின் வெளிப்புறத்தே இருக்கும். அதிலிருந்து இரு சிறு குழல்கள் வளிக்குழாயினுள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று துளைகளுடைய உறிஞ்சு குழல். மற்றையது வெளிவிடு குழல். உறிஞ்சு குழலின் துளைகள் காற்று வரும் திசையை எதிர்நோக்க வேண்டும். எதிர்வருங் காற்றின் தாக்கத்தால் இரு குழல்கட்கும் இடையே சிறு அமுக்க வேறுபாடு தோன்ற, அவ்வேறுபாடே வளியின் ஒரு சிறு கூற்றைப் பெட்டியினூடு செலுத்துகின்றது. பெட்டிக்கெனத் தனி விசிறி இல்லை. எனவே குழல் பிறழத் திரும்பியிருப்பினும், பெட்டியின் இறப்பர் அடைப்பு விலகியிருப்பினும், குழலின் கடைவாய்த் தக்கை கழன்றிருப்பினும், கருவி உயிரோடிருந்தும் குருடாகும். மின்சாரம் உண்டு, விளக்கு எரியும். மூக்கிற் காற்று ஏறாது.

எங்கே பொருத்துவது என்பதிலும் நுட்பம் உண்டு. வளைவை அடுத்துக் காற்றுச் சுழித்தோடுமாதலால், வளைவு கடந்து குழாயின் அகலத்தைப்போல் ஆறு மடங்கேனும் நேராக ஓடிய இடமே தக்கது என்பர். உறிஞ்சு குழல் வளிக்குழாயின் அகலம் முழுவதையும் ஏறத்தாழ அளாவ வேண்டும்; மூன்றடிக்கு மேல் நீளின் மறுசுவரிலே தாங்கு கொடுத்தல் வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 90ஏ எண் விதி, செக்கனுக்கு 944 இலீற்றருக்கு மேல் வளி அனுப்பும் தொகுதிகளிலே, வடிகட்டிக்குப் பின்னும் கிளைகள் பிரியுமுன்னும் ஒரு கருவி வேண்டுமென்கிறது. பல மாடிகளின் வளியை மீள இழுக்கும் பெருந்தொகுதியாயின், செக்கனுக்கு 7,080 இலீற்றரைக் கடந்தவிடத்து, ஒவ்வொரு மாடியின் வளியும் பொதுக்குழாயிற் கலக்குமுன்னரும் ஒவ்வொன்று வேண்டும். கலந்தபின் ஒரு மாடியின் புகை ஏனை மாடிகளின் தூய வளியால் ஐதாகிவிடுமன்றோ? கட்டட வேலை முடிந்து தூசு துடைக்கப்படுமுன் கருவியைப் பொருத்தலாகாது என்பதும் ஒரு விதி. இதனை மீறுவோரே பலர்.

இக்கருவி எதற்கு என்பதைப் பலர் பிறழ உணர்கின்றனர். இது அறைக்கருவிக்கு மாற்றன்று. விசிறி ஓயின் குழாயிற் காற்றில்லை. காற்றில்லையேல் கருவிக்குப் புகையெட்டாது. நெருப்பு எங்கே என்று இது சொல்லவும் மாட்டாது. இதன் கடன் ஒன்றே: புகை குழாயுட் புகுந்துவிட்டது என உணர்ந்தவுடன் விசிறியை நிறுத்துதல், தீயடைப்புத் தகடுகளை மூடச் செய்தல், காவலிடத்துக்குச் செய்தி அனுப்புதல். வாழைக்குழி ஊதுபவரின் தோளைத் தொட்டு, ஊதாதே என்று சொல்வது போல்வது அது. தனித்தனி அறைக்குச் சுவரிலே மாட்டும் குளிரூட்டிகட்கு இக்கருவி வேண்டியதில்லை. எமது குடாநாட்டில் உள்ளவை பெரும்பாலும் அவையே. ஆயின் யாழ் நகரிலே பதினொரு மாடிக் கட்டடம் எழுந்து 2023இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மேலும் பல எழும்.

வைத்தியசாலை நிகழ்ச்சிக்கு வருவாம். தாயார் படுத்திருந்த நான்காம் மாடி நடைவழியிலே, சுவரில் ஒரு சிறு தகடும் அதிலொரு மஞ்சள் விளக்கும் இருந்தன. விளக்கு இரவும் பகலும் எரிந்தது. கேட்டேன், அது எப்பொழுதும் அப்படித்தான் என்றனர். நான்காம் நாள் மின்வேலைப் பகுதியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் என்னைக் கண்டதும் கைகூப்பினார். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் என்னிடம் கற்றவர். “மாஸ்ரர், நான் இஞ்ச வேலைக்கு வந்த நாள் தொடக்கம் இந்த விளக்கு எரியுது,” என்றார். பழுதைக் காட்டும் விளக்கு பழுதின்றி எரிவதாக எல்லோரும் கொண்டுவிட்டனர்.

அவர் தம் மேலதிகாரியின் இசைவு பெற்று மறுநாள் என்னையும் இயந்திர அறைக்கு அழைத்துச் சென்றார். ஏணியிலேறிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தூசு கம்பளம் போற் படிந்திருந்தது. பல்லி முட்டை ஓடுகளும் கிடந்தன. உறிஞ்சு குழலின் துளைகள் காற்றுக்குப் புறங்காட்டி நின்றன. பொருத்தியவர் பெட்டியை வசதிக்காகத் தலைகீழாக மாட்டியபோது குழலைத் திருப்ப மறந்தார் போலும். இவையெல்லாவற்றினும் கொடிது, விசிறியை நிறுத்துதற்குரிய கம்பி கழற்றப்பட்டு, நாடா சுற்றி ஒதுக்கப்பட்டிருந்தமை. ஏனென வினவினேன். முன்னொரு காலத்திலே தூசினாலும் ஈரப்பதனாலும் கருவி பொய்யாக விழித்து விசிறியை அடிக்கடி நிறுத்திற்றாம். “காத்து நிண்டா அஞ்சு நிமிசத்தில மேல இருந்து ரெலிபோன் வரும், மாஸ்ரர்,” என்றார். யாரோ கம்பியைக் கழற்றினர்; தொலைபேசி ஓய்ந்தது.

பனியைப் புகையென மயங்கித் துணிவதைத் தருக்க நூலார் பிழையேதுவால் வந்த துணிவு என ஒதுக்குவர். ஆயின் அதனால் அனுமானத்தையே கைவிட்டாரல்லர். கருவிக்கு வேண்டியது கழற்றுதலன்று, துப்புரவு. மெல்லிய தூரிகையாலும் தூசுறிஞ்சியாலும் கூட்டையும் குழற்றுளைகளையும் துடைத்தல், ஆண்டுக்கொருமுறையேனும் சோதித்தல், இரு குழல்கட்கும் இடையிலுள்ள அமுக்க வேறுபாட்டை அமுக்கமானியால் அளந்து வளி உண்மையில் ஓடுகின்றதா எனத் தெளிதல் ஆகியன செய்யத்தக்கன. கருவியின் உணர்திறனைப் பொருத்திய ஓராண்டினுள்ளும் பின்னர் ஓராண்டு விட்டு ஓராண்டும் அளக்க வேண்டுமென்பது அமெரிக்க விதி. பெட்டியின் ஓரிடத்திலே காந்தத்தைக் காட்டி விளக்கு எரிதலைக் கண்டு திருப்தியுறுவோரும் உளர். அது மின்சுற்று நலமாயுள்ளது என்பதை மட்டுமே காட்டும். துளை அடைபட்டிருப்பதையும் கம்பி கழன்றிருப்பதையும் காட்டாது. எமது குடாநாட்டிலே இவை மும்மடங்கு கவனத்துக்குரியன. கடலுக்கு நெடுந்தொலைவான ஊர் இங்கு இல்லை. உவர்க்காற்று ஆணியையும் தகட்டையும் அரிக்கும். சோளகம் வீசும் மாதங்களிலே செம்மண் தூசு எத்திரையையும் ஊடுருவும். மாரியில் வாடையோடு ஈரம் புகும். மேலைநாட்டு ஏட்டிலே ஆண்டுக்கு ஒருமுறை என எழுதியிருப்பின், இங்கே சோளகத்துக்கு முன்னொருமுறை பின்னொருமுறை எனக் கொள்வதே தகும் என்பது என் கருத்து.

அன்று பிற்பகல் அவர் குழலைத் திருப்பினார், கூட்டைத் துடைத்தார், கம்பியை மீளப் பூட்டினார். வளைவுக்கு மிக அண்மையிற் பெட்டி இருந்த குறையை அன்று தீர்க்க இயலவில்லை. அதனைக் குறித்துவைத்து மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். சோதனைப் புகை அடைத்த தகரக் குப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு, என்னை விடுதிக்குப் போய் நிற்குமாறு பணித்தார். நடைவழியில் மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. சற்று நேரத்திற் செந்நிற விளக்கு எரிந்தது. முகட்டுத் துவாரங்களில் இடைவிடாது கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் தளர்ந்து தளர்ந்து ஓய்ந்தது. யன்னற் சீலையின் அசைவும் நின்றது. தாயார் கண் விழித்து, “என்ன தம்பி, காத்து நிண்டு போச்சு?” என்று கேட்டார். தாதியர் மேசையிலே தொலைபேசி மணி அடித்தது.